முழங்கால் தசைநாண் காயமும் ஸ்கான் படங்களும்: விளையாடுபவர்களும் உடலில் செல் துண்டு உள்ளவர்களும் அறியவேண்டியவை

கரப்பந்தாட்டம் விளையாடும் பிள்ளை ஒருவர் தாயாருடன் ஸ்கான் அறைக்கு வந்திருந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய எம்.ஆர்.ஐ. படமும் ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கையும் தாயின் கையில் இருந்தன. அறிக்கையில் 'பார்ஷியல் டெயர்' என்ற சொற்களுக்குக் கீழே யாரோ பேனாவால் இரண்டு முறை கோடு இழுத்திருந்தார்கள்.

"டொக்டர், சவ்வு கிழிஞ்சு போச்சாம். இனி விளையாடவே ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். உண்மையோ?" என்று தாய் கேட்டார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மாகாணப் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

இப்படிப்பட்ட பைகளுடன் வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அறிக்கை கையில் இருக்கும். அதன் பொருளை விளக்க எவரும் இருந்திருக்க மாட்டார்கள். எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது, அந்த ஆங்கிலச் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை எழுதினால் சிலருக்காவது உதவும். போரில் காயப்பட்டவர்களுக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய ஒரு விடயமும் இதில் இருக்கிறது. வழக்கமான மருத்துவக் கட்டுரைகளில் அது வருவதில்லை.

முதலில் 'சவ்வு' என்ற சொல்லைப் பார்ப்போம். எங்கள் ஊர்களில் முழங்காலுக்குள் என்ன கிழிந்தாலும் சவ்வு கிழிந்தது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே மூன்று வேறுவேறு பொருட்கள் இருக்கின்றன. எலும்பையும் எலும்பையும் இணைத்துக் கட்டுவது இணைநார். இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் கிடப்பது பிறைவடிவக் குருத்தெலும்பு. தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. கிழிவது எது என்பதைப் பொறுத்து வைத்தியமும் ஓய்வும் முற்றாக மாறும் என்பதால், உங்கள் வைத்தியரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எந்தச் சவ்வு?" என்பதுதான்.

தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசை ஒரு தடித்த தசைநாணாக முழங்காற்சில்லின் மேல் விளிம்பில் வந்து சேர்கிறது. சில்லின் கீழ் நுனியிலிருந்து இன்னொரு நாண் இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்புறத்தில் தடவினால் தெரியும் மேட்டில் பொருந்துகிறது. அதன் தடிப்பு சாதாரணமாக நாலைந்து மில்லிமீற்றர்தான். துள்ளும்போதும் துள்ளி இறங்கும்போதும் உடற்பாரத்தைப்போலப் பல மடங்கு இழுவை இதன் வழியாகவே போகிறது. துள்ளும் விளையாட்டுக்களில் இந்தக் கீழ் நாணின் மேல்முனை, அதாவது சில்லின் நுனிக்குச் சற்றுக் கீழே, நாளடைவில் கெட்டுப்போகிறது. 1973இல் பிளசினா என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய குழுவினரும் இதற்குத் 'துள்ளுபவர் முழங்கால்' என்று பெயர் வைத்தார்கள். நோர்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில் கரப்பந்தாட்ட வீரர்களில் 45 வீதமானோருக்கும் கூடைப்பந்தாட்ட வீரர்களில் 32 வீதமானோருக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. கரப்பந்தாட்டம் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பின்னேரமானால் கோவில் வெளியிலும் சனசமூக நிலைய வளவிலும் இறுகிய மண் தரையில் விளையாடுகிறார்கள். அந்தத் தரைக்கும் முழங்காலுக்கும் இடையில் பலருக்கு நல்ல சப்பாத்துக்கூட இருப்பதில்லை.

இனிப் படங்களுக்கு வருவோம். சாதாரண எக்ஸ்ரேயைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. தசைநாண் அதில் நேரடியாகத் தெரியாது என்பது உண்மை. ஆனால் நாண் முழுதாக அறுந்துவிட்டால் பக்கவாட்டு எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுக்கும். கீழ் நாண் அறுந்தால் தொடைத்தசை சில்லை மேலே இழுத்துக்கொண்டு போகும். மேல் நாண் அறுந்தால் சில்லு கீழே இறங்கும். முழங்காலை சுமார் 30 பாகை மடித்து எடுத்த படத்தில் நாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுத்துப் பார்ப்போம். இன்சால், சல்வாட்டி என்ற இருவர் 1971இல் கொடுத்த அளவு அது. ஏறத்தாழ ஒன்று வந்தால் சரி, 1.2க்கு மேலே போனால் சில்லு உயர்ந்திருக்கிறது. கிராமிய வைத்தியசாலையிலும் இதைச் செய்யலாம்.

முழுதாக அறுந்த நாணுக்குப் படம் எடுக்கும் முன்னரே ஓர் அடையாளம் உண்டு. மல்லாந்து படுத்துக்கொண்டு முழங்காலை மடிக்காமல் காலை மேலே தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால், அதுவும் 'டொக்' என்ற சத்தத்துடன் விழுந்த பிறகு என்றால், அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சில வாரங்கள் தாமதித்தால் தசை சுருங்கி, நாணை மீண்டும் தைப்பது கடினமாகிவிடும். எண்ணெய் பூசி உருவிக்கொண்டு இருக்கும் நேரமல்ல அது.

உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு பிரேசிலின் ரொனால்டோவை நினைவிருக்கும். 1999 நவம்பரில் இன்டர் மிலான் அணிக்காக விளையாடும்போது அவருடைய வலது முழங்காலின் கீழ் நாண் பாதி கிழிந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் லாசியோ அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். ஏழு நிமிடங்கள் அளவில் பந்துடன் ஓடிக்கொண்டிருந்தபோதே விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. நாண் முழுதாக அறுந்துபோயிருந்தது. திரும்பவும் சத்திரசிகிச்சை, நீண்ட பயிற்சி. 2002 உலகக் கிண்ணத்தில் எட்டு கோல்கள் அடித்தார். ஜேர்மனிக்கு எதிரான இறுதிப் போட்டியின் இரண்டு கோல்களும் அவருடையவை. 2008இல் மற்றக் காலின் நாணும் அறுந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாண் மிகவும் மெதுவாக ஆறும் இழையம். உலகிலேயே சிறந்த வைத்தியமும் எல்லாப் படங்களும் கிடைக்கக்கூடிய ஒருவருக்கே இப்படி நடந்தது. படம் நன்றாக இருக்கிறது என்பதும் நாண் போட்டிக்குத் தயார் என்பதும் ஒன்றல்ல.

முழுதாக அறுவது அரிது. பெரும்பாலானவர்களுக்கு இருப்பது நாட்பட்ட நோ. அதற்கு நான் முதலில் கையிலெடுப்பது அல்ட்ராசவுண்ட். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கும் அதே இயந்திரம்தான்; முனை மட்டும் வேறு. தோலுக்கு அருகில் உள்ளதைத் துல்லியமாகக் காட்ட 10 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட, நேரான முனை தேவை. நல்ல நாண் அதில் குதிரைவால் மயிரைச் சீவி வைத்ததுபோல் நெருக்கமான வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கெட்ட இடத்தில் அந்தக் கோடுகள் குலைந்து, நாண் தடித்து, கருமையான ஒரு திட்டு இருக்கும். அறிக்கையில் வரும் 'ஹைப்போஎக்கோயிக்' என்ற சொல்லின் பொருள் இந்தக் கருமைதான். 'டென்டினோசிஸ்' அல்லது 'டென்டினோபதி' என்றால் நாணின் இழைகள் தரம் குறைந்துவிட்டன என்று பொருள். அறுந்துவிட்டது என்று பொருளல்ல. 'நியோவாஸ்குலரிட்டி' என்றால் டொப்ளர் முறையில் பார்க்கும்போது வழமையாக இரத்தக்குழாய் தெரியாத இடத்தில் புதிய சிறு குழாய்கள் தெரிகின்றன என்பது.

அல்ட்ராசவுண்ட் எடுப்பவரின் கையைப் பொறுத்தது. அலை நாணுக்குச் செங்குத்தாகப் படாமல் சற்றுச் சரிந்தாலே நல்ல நாணும் கறுப்பாகத் தெரியும். அனுபவமில்லாதவர் அதைக் காயம் என்று எழுதிவிடுவார். நாணின் இழைகளைப் பார்க்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடித்து நாணை இழுத்துப் பிடிக்கவேண்டும். டொப்ளரில் இரத்தக்குழாய் தேடும்போது மாறாக, காலை நீட்டித் தளர்வாக வைக்கவேண்டும், முனையை அழுத்தக்கூடாது. இல்லாவிட்டால் சிறு குழாய்கள் நசிந்து மறைந்துவிடும். இரண்டு கால்களையும் பார்க்காமல் ஒரு காலுக்கு மட்டும் எழுதிய அறிக்கையை நான் அரை அறிக்கை என்றுதான் எடுப்பேன்.

ஏன் இரண்டு கால்கள்? நோவே இல்லாத காலிலும் கரும்திட்டு இருக்கும். இதுதான் இந்த விடயத்தில் மிக முக்கியமானது, ஆனால் நோயாளிகளுக்கு மிகக் குறைவாகச் சொல்லப்படுவது. அவுஸ்திரேலியாவில் ஜில் குக் என்பவரின் குழு 14 முதல் 18 வயது வரையான 134 கூடைப்பந்தாட்ட வீரர்களின் 268 நாண்களை ஆராய்ந்து 2000இல் முடிவுகளை வெளியிட்டது. அல்ட்ராசவுண்டில் 26 வீதமான நாண்களில் மாற்றம் தெரிந்தது. பரிசோதித்துப் பார்த்தபோது நோய் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவை 7 வீதம் மட்டும். அதாவது படத்தில் கெட்டுப்போயிருந்த நாண்களில் பெரும்பாலானவை தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. நோ குறைந்து, பெலன் திரும்பி, வீரர் மைதானத்துக்குப் போன பின்னரும் படம் பழையபடியே இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகவே மாதத்துக்கொரு ஸ்கான் எடுத்து ஆறிவிட்டதா என்று பார்ப்பது காசை வீணாக்குவது. எவ்வளவு முன்னேற்றம் என்பதை அளக்க 'விசா' என்ற கேள்விப் படிவம் இருக்கிறது; 1998இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உருவாக்கியது. படியிறங்கும்போது, குந்தும்போது, துள்ளும்போது எவ்வளவு நோ என்று கேட்டு 100க்குப் புள்ளி போடுவார்கள். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

எம்.ஆர்.ஐ. எப்போது தேவை? நோ எங்கிருந்து வருகிறது என்று தெளிவில்லாதபோது, குருத்தெலும்போ இணைநாரோ சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும்போது, சத்திரசிகிச்சைக்கு முன்னர் கிழிவின் அளவை அறியவேண்டியபோது. நல்ல நாண் அதில் கறுப்புப் பட்டியாகத் தெரியும். கெட்ட இடம் சாம்பலாகவோ வெள்ளையாகவோ மாறும். இதிலும் ஒரு பொறி உண்டு. நாணின் இழைகள் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 பாகை சரிவில் இருந்தால் சுகமான நாணும் வெளுத்துத் தெரியும். 'மாயக் கோணம்' என்பார்கள். முழங்கால் நோ என்றவுடன் நேரே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் பழக்கமாகி வருகிறது. அரச வைத்தியசாலையில் என்றால் காத்திருக்க வேண்டும், தனியாரில் என்றால் சங்கிலியை அடகு வைக்கவேண்டும். கீழ் நாணின் நோ என்று கையால் தொட்டே தெரிகிற ஒருவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை என்பது என்னுடைய கருத்து.

பத்து, பன்னிரண்டு, பதின்நான்கு வயதுப் பிள்ளைகள் வேறு கதை. அவர்களுக்கு நாண் பலமானது, அது பொருந்தும் எலும்பு மேடு இன்னும் வளரும் குருத்தாக இருக்கும். நோவும் வீக்கமும் அங்கே வரும். 1903இல் ஒஸ்குட், ஷ்லாட்டர் என்ற இருவர் தனித்தனியே விவரித்த நோய் அது. பெரும்பாலும் வளர்ச்சி முடிய மாறிவிடும். ஸ்கான் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நோவைப் பார்த்துத் துள்ளலைக் குறைத்தால் போதும்.

அந்தப் பிள்ளையிடம் திரும்பி வருகிறேன். மல்லாந்து படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னேன்; சிரமமில்லாமல் தூக்கினார். நோ சில்லின் நுனிக்குக் கீழே ஒரு விரல்நுனி அகலத்தில் மட்டும். அல்ட்ராசவுண்டில் நாணின் ஆழ்பகுதியில் கரும்திட்டு, அதற்குள் ஒரு சிறு பிளவு. எம்.ஆர்.ஐ. எழுதிய 'பார்ஷியல் டெயர்' அதுதான். பொய்யல்ல. ஆனால் நாணின் மீதிப் பங்கு முழுதாக இருந்தது. விளையாடவே முடியாது என்பதற்கு அந்தப் படத்தில் ஆதாரம் இல்லை. அந்த மாதப் போட்டி வேண்டாம், பாரம் கூட்டிச் செய்யும் பயிற்சியைச் சில மாதங்கள் இயன்மருத்துவரிடம் செய்யுங்கள் என்றேன். ஊசி போடலாமா என்று தாய் கேட்டார். ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு நோவை அடக்கும். ஆனால் டென்மார்க்கில் 2009இல் வெளியான ஆய்வில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களைவிட, பாரம் தூக்கி மெதுவாகச் செய்யும் பயிற்சி எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். நாணுக்குள் ஊசி ஏறினால் நாண் பலவீனமாகும் என்ற பயமும் உண்டு.

அவர் கொண்டுவந்த எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது இன்னொன்றைக் கண்டேன். முழங்காலுக்குப் பின்னால், கெண்டைத்தசையின் மேற்பகுதியில், படம் வட்டமாகக் கருகியிருந்தது. கருமையின் விளிம்பில் வெள்ளைக் கீற்று. உலோகம் இருந்தால்தான் படம் அப்படிக் கெடும். ஸ்கான் முனையைப் பின்னால் கொண்டுபோனேன். தசைக்குள் பளிச்சென்று ஒரு புள்ளி, அதன் பின்னால் வால்வெள்ளிபோல ஒரு கீற்று. தோலில் ஒரு சிறு தழும்பு.

"அது மாத்தளனில பட்டது, டொக்டர். அப்ப இவ கைக்குழந்தை" என்றார் தாய். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் உடலில் உலோகம் உண்டா என்று கேட்கும் படிவத்தில் 'இல்லை' என்று தாயே போட்டிருக்கிறார். "எப்பிடி வந்தது எண்டு கேப்பினம், பிறகு வேற கேள்வியள் வரும் எண்டு பயந்து போனன்." எழுதியதை வாங்கி வைத்தவர்களும் தழும்பு உண்டா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

தாயை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்ன செய்யும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான 1.5 ரெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலுவானது. இயந்திரம் வேலை செய்யாதபோதும் அந்தக் காந்தம் அணைவதில்லை. செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தம் இழுக்கும், திருப்பும், சூடாகவும் செய்யலாம். தசைக்குள் பல வருடங்களாகக் கிடக்கும் துண்டைச் சுற்றித் தழும்பு இழையம் இறுகியிருப்பதால் அது அசையும் வாய்ப்புக் குறைவு. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காததற்குக் காரணம் அதுதான். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் நிலைமை வேறு. கண்ணுக்குள் உலோகத் துகள் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ.க்குள் போன ஒரு தொழிலாளி அந்தக் கண்ணின் பார்வையை இழந்ததை 1986இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று பதிவுசெய்திருக்கிறது.

துண்டு இருக்கிறது என்றால் எம்.ஆர்.ஐ. ஒருபோதும் எடுக்கவே முடியாது என்பதல்ல. முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் சீ.ரி. ஸ்கானும் எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கதிரியக்க வைத்தியர் முடிவெடுப்பார். பலருக்கு அனுமதி கிடைக்கும். சிலருக்குக் கிடைக்காது. முழங்காலுக்கு அருகிலேயே துண்டு இருந்தால், எடுத்தாலும் படம் கருகிப் பயனற்றுப்போகும். அவர்களுக்கு அல்ட்ராசவுண்டே வழி. எலும்பு முறிவுக்கு வைத்த தகடும் ஆணியும் பெரும்பாலும் இழுபடாத உலோகம். ஆனால் அவையும் படத்தைக் கெடுக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

2009இல் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் இன்று பாடசாலை அணியிலும் மாகாண அணியிலும் விளையாடும் வயதில் இருக்கிறார்கள். தங்கள் உடலில் என்ன இருக்கிறது என்பது அவர்களில் சிலருக்கே தெரியாது. தாய் தகப்பனுக்குத்தான் தெரியும். படிவத்தில் கேட்பது உலோகம் உண்டா, எந்த இடத்தில் என்பதைத்தான். 'உண்டு, வலது கெண்டைக்கால்' என்று எழுதினால் போதுமானது. எப்போது, எங்கே, யாரால் என்பது ஸ்கானுக்குத் தேவையில்லாத விபரம். கேட்டாலும் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. எழுதத் தயங்கினால் வைத்தியரிடம் தனியே வாயால் சொல்லுங்கள்.

செயற்கைக் காலுடன் விளையாடுபவர்களுக்கும் இந்த நாண் முக்கியம். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களுக்குப் பொருத்தும் கிண்ணத்தில் பெரிதும் பயன்படும் ஒரு வடிவம் 1950களின் கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் உடற்பாரத்தின் பெரும்பங்கை இதே கீழ் நாண்தான் தாங்குகிறது. கிண்ணம் தளர்ந்தாலோ உடல் மெலிந்தாலோ அழுத்தம் இடம் மாறும்; நாணின் முன்பக்கம் வீங்கி நோகும். அதை நாணின் நோய் என்று எழுதி ஓய்வு எடுக்கச் சொன்னால் பயனில்லை, கிண்ணத்தைத் திருத்தவேண்டும். செயற்கைக் காலைக் கழற்றி ஒருமுறை, போட்டு நிற்கவைத்து விளிம்போடு ஒருமுறை என்று நான் இரண்டு தடவை ஸ்கான் பார்ப்பதுண்டு. இழக்காத காலையும் மறக்கக்கூடாது. பல வருடங்களாகக் கூடுதல் பாரத்தைச் சுமப்பது அந்த முழங்கால்தான்.

ஸ்கானுக்கு வரும்போது பழைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், அறிக்கையை மட்டுமல்ல. விளையாடும் நாட்கள் எத்தனை, நோ எப்போது கூடுகிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சிப்ரோபுளொக்சசின் போன்ற சில அன்ரிபயோட்டிக் மருந்துகள் நாணைப் பலவீனமாக்கும். நீரிழிவும் சிறுநீரக நோயும்கூட அப்படித்தான்.

அந்தப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்துத் துண்டின் இடத்தைக் குறித்து, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அந்த வருடப் போட்டிக்கு அவர் போகவில்லை. அடுத்த வருடம் விளையாடினார். எக்ஸ்ரேயையும் கடிதத்தையும் தாய் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறார். தனது இடது தோளிலும் ஒன்று இருக்கிறது என்று போன முறை வந்தபோதுதான் சொன்னார்.